அடுத்தவங்க கட்டுரைய ரீரைட் பண்ணிப் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்ல புதுசா சைட் ஆரம்பிச்சவங்க, வீட்ல இருந்தே கண்டென்ட் எழுதிக் குடுக்குறவங்க, யூட்யூப்புக்கு ஸ்கிரிப்ட் எழுதுறவங்கன்னு பல பேர் கிட்ட இருந்து ஒரே மாதிரி சந்தேகங்கள் வந்துக்கிட்டே இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா அவங்க கேட்ட மாதிரியே கேள்விகள வச்சு எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். நான் வக்கீல் இல்ல, எழுதுறதும் மத்தவங்க எழுதுனத எடிட் பண்றதும்தான் என் வேலை. சட்டம்னு நான் சொல்ற இடத்துல எல்லாம் இந்தியாவோட 1957 காப்பிரைட் சட்டத்தத்தான் சொல்றேன். நோட்டீஸ் கையில வந்துட்டவங்க இத படிச்சுக்கிட்டு உக்காராம நேரா ஒரு வக்கீலப் போய்ப் பாருங்க.

ரீரைட் பண்றதே தப்பா? எல்லாரும் அதத்தானே பண்றாங்க?

எல்லாரும் ஒரே வேலைய பண்ணல. ஒருத்தர் ஒரு விஷயத்தப் பத்தி நாலு இடத்துல படிக்கிறார், சந்தேகம் வந்தா ஃபோன் போட்டு கேக்குறார், அப்புறம் எல்லாத்தையும் மூடி வச்சுட்டு தனக்குப் புரிஞ்சத தன் நடையில எழுதுறார். இது காலம் காலமா எழுதுறவங்க செய்றதுதான், இதுல ஒரு தப்பும் இல்ல. இன்னொருத்தர் ஒரு ஜன்னல்ல அடுத்தவர் கட்டுரைய திறந்து வச்சுக்கிட்டு, பக்கத்து ஜன்னல்ல வரி வரியா வார்த்தைய மாத்திக்கிட்டே போறார், அதே வரிசை, அதே உதாரணம், அதே முடிவு, பேர் மட்டும் இவரோடது. இந்த ரெண்டாவது வேலையப் பத்திதான் இங்க பேசப்போறேன்.

சைட்ல விளம்பரம் காட்டி காசு குடுக்குற கூகுள் ஆட்சென்ஸ் 2018-ல தமிழுக்கு வந்ததுக்கு அப்புறம் தமிழ்ல எழுதியும் காசு பார்க்கலாம்னு ஆச்சு, நல்ல விஷயம்தான், ஆனா ஒரு நாளைக்கு பத்து கட்டுரை போடணும்னு நிக்கிறவங்களுக்கு சொந்தமா யோசிக்க நேரம் ஏது, அதனால இந்த ரெண்டாவது வழி ரொம்ப சகஜமாயிடுச்சு.

நெட்ல ஃப்ரீயா கிடக்குது, யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்தானே?

இல்ல. ஃப்ரீயா படிக்கலாம், அவ்வளவுதான். படிக்கக் காசு வாங்கலங்குறதால எடுத்துப் போடுற உரிமையும் சேர்த்துக் குடுத்துட்டாங்கன்னு ஆகாது. சட்டத்தோட 14-வது பிரிவு படி ஒரு எழுத்த நகலெடுக்குறது, மக்களுக்குக் கொண்டு போறது, மொழிபெயர்க்குறது, வேற வடிவத்துக்கு மாத்துறது எல்லாமே உரிமையாளர் கையில இருக்குற உரிமைங்க. பேப்பர்ல அச்சடிச்சதுக்கும் ஸ்கிரீன்ல தெரியுறதுக்கும் இதுல வித்தியாசம் கிடையாது.

அந்த சைட்ல காப்பிரைட்னு எங்கயும் போடல, ரிஜிஸ்டரும் பண்ணிருக்க மாட்டாங்க. அப்பவும் செல்லுமா?

செல்லும். எழுதி முடிச்ச நொடியில இருந்தே உரிமை வந்துடுது. ரிஜிஸ்டர் பண்றது விருப்பம் இருந்தா பண்ணிக்கலாம்னுதான் சட்டத்துல இருக்கு, கேஸுனு வந்தா யார் முதல்ல எழுதுனதுன்னு காட்ட அது உதவும், மத்தபடி கட்டாயம் இல்ல. எழுதுனவர் அமெரிக்காவுல இருந்தாலும் இங்க பாதுகாப்பு உண்டு, ஒரு நாட்டு எழுத்துக்கு மத்த உறுப்பு நாடுகள்லயும் பாதுகாப்பு குடுக்குற பெர்ன் ஒப்பந்தத்துல இந்தியா 1928-லயே சேர்ந்தாச்சு.

ஆனா உரிமை வரியப் போட்டு வைக்குறதுல ஒரு பலன் இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியாது. அரசியல், பொருளாதாரம், சமூகம், மதம் பத்தின நடப்புக் கட்டுரைய எழுதுனவர் "மறுபிரசுர உரிமை எனக்கே"ன்னு வெளிப்படையா சொல்லி வைக்கலன்னா, பத்திரிகைங்க அத மறுபிரசுரம் பண்றது மீறல் ஆகாதுன்னு 52-வது பிரிவுல ஒரு விதிவிலக்கு இருக்கு. அதனால நடப்பு விஷயம் எழுதுறவங்க தயவு செஞ்சு அந்த ஒரு வரிய கட்டுரைக்குக் கீழ போட்டு வைங்க.

30 சதவீதம் வார்த்தைய மாத்திட்டா காப்பிரைட் வராதுன்னு சொல்றாங்களே?

அப்படி ஒரு கணக்கு சட்டத்துல எங்கயுமே இல்ல. 30 இல்ல, 50 இல்ல, 70-ம் இல்ல. யாரோ கிளப்பி விட்டது, குரூப் குரூப்பா சுத்திக்கிட்டு இருக்கு. கோர்ட் பார்க்குறது எத்தன வார்த்தை மாறுச்சுங்குறத இல்ல. ரெண்டையும் படிச்ச ஒரு சாதாரண ஆளுக்கு இது அதோட நகல்னு தெளிவா தோணுதாங்குறதுதான். சுப்ரீம் கோர்ட் 1978-ல ஆர்.ஜி. ஆனந்த் வழக்குல இந்த அளவுகோல வச்சுது. தன் நாடகத்த எடுத்து இந்திப் படமா பண்ணிட்டாங்கன்னு நாடக ஆசிரியர் ஒருத்தர் போட்ட கேஸ் அது, அவர் தோத்துட்டார், ஏன்னா கருத்துக்கு காப்பிரைட் கிடையாது, கரு ஒண்ணா இருந்தாலும் சொன்ன விதம் வேறன்னு கோர்ட் முடிவு பண்ணுச்சு.

நம்ம ஊர்லயே பழைய உதாரணம் ஒண்ணு இருக்கு. மெட்ராஸ் ஹைகோர்ட் 1955-ல பார்த்த வழக்கு, ஒரு இங்கிலீஷ்-தமிழ் அகராதிய இன்னொரு பதிப்பாளர் எடுத்துட்டார்னு. அகராதில சொந்த சரக்கு என்ன பெருசா இருக்கும், வார்த்தையும் அர்த்தமும் எல்லாருக்கும் பொதுதானேன்னு கேக்கலாம். ஆனா முதல் அகராதில இருந்த வரிசை, தமிழ் அர்த்தங்கள், அதுல இருந்த தப்புகள் கூட ரெண்டாவதுல அப்படியே வந்திருந்துச்சு. அகராதி மாதிரி புத்தகத்துல சொந்தமானது கொஞ்சமா இருந்தாலும் அந்தக் கொஞ்சத்துக்கும் பாதுகாப்பு உண்டுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. இன்னைக்கும் ரீரைட் பண்றவங்க மாட்டுறது முக்கால்வாசி இப்படித்தான், மூலத்துல இருக்குற எழுத்துப் பிழையும் தப்பான வருஷமும் அப்படியே கூட வந்துடும்.

கருத்துக்கு காப்பிரைட் கிடையாதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப கருத்த எடுத்து என் வார்த்தையில எழுதுனா என்ன தப்பு?

இதுதான் எல்லாத்துலயும் முக்கியமான கேள்வி, அதனால நானே ஒரு உதாரணம் எழுதிக் காட்டுறேன். கருப்பட்டி காய்ச்சுறதப் பத்தி ஒருத்தர் உடன்குடி பக்கம் நேர்ல போய் பார்த்துட்டு வந்து இப்படி எழுதுறார்னு வைங்க: "பதநீர் கொதிச்சு நுரை விளிம்பு வரைக்கும் ஏறிடுச்சு, இப்ப வழியப் போகுதுன்னு நான் பதறுறேன், அந்தம்மா நிதானமா நாலு ஆமணக்கு விதைய நசுக்கிப் போட்டாங்க, கோவம் தணிஞ்ச மாதிரி நுரை அப்படியே கீழ இறங்கிடுச்சு." இத ஒருத்தர் ரீரைட் பண்றார்: "பதநீர் கொதித்து நுரை பாத்திரத்தின் ஓரம் வரை எழும்பியது. பொங்கி வழிந்துவிடுமோ என்று நான் அஞ்சிய வேளையில், அந்தப் பெண்மணி பொறுமையாக சில ஆமணக்குக் கொட்டைகளை இடித்துச் சேர்க்க, சினம் அடங்கியது போல் நுரை தணிந்தது."

பாதிக்கு மேல வார்த்தை மாறிடுச்சு, ஆனா மாறக் கூடாததுல ஒண்ணும் மாறல. பதறுனது அவர், அங்க நின்னது அவர், நுரை இறங்குனதுக்கு கோவம் தணிஞ்சத உவமையா சொன்னது அவர். ரீரைட் பண்ணவர் அடுப்புப் பக்கமே போகல, போகாமலே "நான் அஞ்சினேன்"னு எழுதுறார். இது சட்டத்துக்கும் முன்னாடி, படிக்கிறவங்க கிட்ட சொல்ற பொய்.

இதுல பொதுவானது என்ன? பதநீர் காய்ச்சும்போது நுரை பொங்கும், ஆமணக்கு விதைய நசுக்கிப் போட்டா அடங்கும். பனங்காட்டுல பல தலைமுறையா தெரிஞ்ச விஷயம், யாருக்கும் தனி உரிமை இல்ல. அந்த ஒரு தகவல எடுத்து, பதநீர் இறக்குற கலயத்துல சுண்ணாம்பு ஏன் தடவுறாங்க, தடவலன்னா எப்படி புளிச்சு கள்ளாகுது, காய்ச்சுனத ஏன் சிரட்டையில ஊத்துறாங்கன்னு நீங்களா விசாரிச்சு ஒரு கட்டுரை எழுதுங்க, யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. தகவல் எல்லாருக்கும் பொது. அத அடுக்குன விதமும் சொன்ன விதமும் எழுதுனவரோடது.

நியூஸ் எப்படி? ஒரு பேப்பர்ல வந்தத எல்லா சைட்டும்தான் மாத்திப் போடுறாங்க.

நடந்த சம்பவம் யாருக்கும் சொந்தம் இல்ல, அணை திறந்தாங்க, தேர்தல் தேதி அறிவிச்சாங்கங்குறத யார் வேணா சொல்லலாம். அரசு வெளியிடுற செய்திக் குறிப்பு எல்லாருக்கும் போறதுதான், அத வச்சு எழுதுங்க. சிக்கல் எங்க வருதுன்னா, ஒரு ரிப்போர்ட்டர் ரெண்டு மாசம் அலைஞ்சு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டு, பேச மறுத்தவங்கள பேச வச்சு ஒண்ணு வெளிய கொண்டு வர்றார், அரை மணி நேரத்துல அது பத்து சைட்ல "தகவல் வெளியாகியுள்ளது"ன்னு வந்துடுது. எங்க இருந்து வெளியாச்சு? அத சொல்ல மாட்டாங்க. தகவல மட்டும் எடுத்திருந்தா சட்டத்துல தப்பிச்சுடலாம், ஆனா இந்தப் பத்திரிகைதான் முதல்ல கொண்டு வந்துச்சுன்னு ஒரு வரியும் ஒரு லிங்க்கும் போடாம விடுறத நான் திருட்டுன்னுதான் சொல்வேன், ஏன்னா அந்த ரிப்போர்ட்டருக்கு அடுத்த தடவை அலையுறதுக்கு அவங்க ஆபீஸ் காசு குடுக்கணும்னா படிக்கிறவங்க அவங்க பக்கத்துக்குத்தான் போகணும்.

பேட்டி இன்னும் கவனமா கையாள வேண்டியது. ஒருத்தர் இன்னொரு பத்திரிகைக்கு குடுத்த பேட்டில இருந்து பதில எடுத்து "நம்மிடம் கூறியதாவது"ன்னு போடுறாங்க, பார்க்கவே சங்கடமா இருக்கு. நம்ம கிட்ட அவர் ஒண்ணுமே சொல்லலையே.

சமையல் குறிப்பு?

பொருள் பட்டியலுக்கும் அடிப்படை செய்முறைக்கும் உரிமை கோர முடியாது, வத்தக்குழம்புக்கு புளி, சுண்டவத்தல், நல்லெண்ணெய்னு யார் எழுதுனாலும் அப்படித்தான் எழுதணும். ஆனா அத சுத்தி அவங்க எழுதுன விளக்கம், மாமியார் கிட்ட கத்துக்கிட்ட கதை, எடுத்த ஃபோட்டோ எல்லாம் அவங்களோடது. ஃபோட்டோவ எடுத்து லோகோவ மறைச்சு போடுறது நேரடி மீறல், அதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல. நீங்க அந்தக் குழம்ப ஒரு தடவையாவது வச்சுப் பார்த்துட்டு எழுதுங்க, அளவு உங்களுக்கே வேற மாதிரி வரும்.

இங்கிலீஷ் கட்டுரைய தமிழ்ல மாத்திப் போடுறேன். மொழிபெயர்ப்பு என் உழைப்புதானே?

உழைப்பு உங்களோடதுதான், அனுமதி அவங்க கிட்ட இருக்கு. மேல 14-வது பிரிவுல சொன்ன உரிமைகள்ல மொழிபெயர்ப்பும் ஒண்ணு. அனுமதி வாங்கி மொழிபெயர்த்தா உங்க மொழிபெயர்ப்புக்கு உங்களுக்கே தனி காப்பிரைட் கிடைக்கும், வாங்காம பண்ணா அது மீறல்.

கேட்டுப் பாருங்க, அதான் என் சிபாரிசு. தமிழ்ல இவ்வளவு பேர் படிப்பாங்க, உங்க பேரும் லிங்க்கும் மேலயே போடுவேன்னு ரெண்டு பத்தியில ஒரு மெயில் போட்டா தனி ஆளா எழுதுறவங்க பல பேர் சந்தோஷமா சரின்னுடுவாங்க. பதில் வரலன்னா சம்மதம்னு எடுத்துக்காதீங்க. மருத்துவம், அறிவியல்ல எல்லாம் நல்ல மொழிபெயர்ப்பு நம்ம மொழிக்கு ரொம்பத் தேவை, அதனாலதான் அத முறையா பண்ணுங்கன்னு இவ்வளவு தூரம் சொல்றேன்.

கீழ நன்றின்னு போட்டா போதாதா?

ரெண்டு விஷயம் இதுல இருக்கு. பேர் போடுறது நேர்மை, அனுமதி வாங்குறது சட்டம். முழுக் கட்டுரையும் எடுத்துப் போட்டுட்டு நன்றி சொன்னா மீறல் மீறல்தான், யார் கிட்ட இருந்து எடுத்தீங்கன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரியும் ஆயிடும். அதே சமயம் அனுமதி வாங்கிட்டு பேர விட்டாலும் தப்பு. 57-வது பிரிவு எழுதுனவருக்கு தன் பேர உரிமை கோரவும், தன் எழுத்த சிதைச்சு பேரக் கெடுக்குறத தடுக்கவும் தனியா உரிமை குடுக்குது. காப்பிரைட்ட வித்துட்டாலும் அந்த உரிமை அவர் கிட்டயே இருக்கும்.

"நன்றி: இணையம்", "நன்றி: கூகுள்" இதெல்லாம் நன்றியே இல்ல. கூகுள் எழுதல, ஒரு மனுஷன் எழுதுனார்.

வாட்ஸப்ல பேர் இல்லாம வந்துச்சு. யார் எழுதுனதுன்னு தெரியாததுக்கு நான் என்ன பண்றது?

அதுல இருந்து ரெண்டு வரிய எடுத்து மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடுங்க, ரொம்ப நேரம் ஆகாது, அனேகமா மூலம் கிடைச்சுடும். கிடைக்கலன்னா போடாதீங்க. "படித்ததில் பிடித்தது"ன்னு தலைப்பு வச்சுட்டா பொறுப்பு போயிடும்னு நினைக்கிறாங்க, போகாது. பேர் இல்லாம சுத்துற பல பதிவுல ஆரம்பத்துல பேர் இருந்திருக்கும், நடுவுல யாரோ கடைசி வரிய வெட்டிட்டு ஃபார்வர்ட் பண்ணிருப்பாங்க. இப்படி பேர் அறுந்து போன எழுத்து தமிழ்ல எவ்வளவோ இருக்கு, அது சின்ன விஷயம் இல்ல, ஒருத்தரோட பல வருஷ எழுத்து வாழ்க்கை அந்தக் கடைசி வரியிலதான் இருந்துச்சு.

விக்கிப்பீடியாவுல இருந்து எடுக்கலாமா?

தாராளமா, ஆனா நிபந்தனை இருக்கு. விக்கிப்பீடியா எழுத்து, நிபந்தனையோட யாரும் எடுத்துக்கலாம்னு முன்கூட்டியே அனுமதி குடுக்குற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல வருது, 2023-ல இருந்து அதோட 4.0 பதிப்பு. மூலத்த சொல்லணும், உரிமத்துக்கு லிங்க் குடுக்கணும், மாத்தியிருந்தா மாத்துனேன்னு சொல்லணும், நீங்க மாத்துனதயும் அதே உரிமத்துலதான் வெளியிடணும். அதாவது விக்கிப்பீடியா கட்டுரைய ரீரைட் பண்ணிப் போட்டுட்டு கீழ "அனைத்து உரிமைகளும் எங்களுக்கே"ன்னு போட முடியாது. படங்களுக்கு ஒவ்வொண்ணுக்கும் தனி உரிமம், படத்த கிளிக் பண்ணிப் பாருங்க.

பாரதியார், கல்கி எல்லாம்?

எழுதுனவர் இறந்த வருஷம் முடிஞ்சு 60 வருஷம் ஆச்சுன்னா உரிமை முடிஞ்சுடும். அது போக தமிழ்நாடு அரசு பல எழுத்தாளர்களோட படைப்புகள வாரிசுகளுக்குத் தொகை குடுத்து நாட்டுடைமை ஆக்கிருக்கு, பாரதியாரோடது 1949-ல, கல்கியோடது 1999-ல. இதையெல்லாம் பதிப்பிக்கலாம், சுருக்கலாம், எளிமையா மாத்தி எழுதலாம், அனுமதி வேண்டாம். பேர மட்டும் எடுத்துடாதீங்க, பாரதி எழுதாதத அவர் பேர்ல போடுறதையும் விட்டுடுங்க. இன்னொண்ணு, பழைய நூலுக்கு இன்னைக்கு ஒருத்தர் எழுதுன உரையும் முன்னுரையும் இன்னைக்கு எழுதுனவரோடதுதான்.

அரசாணை, கோர்ட் தீர்ப்பு?

சட்டங்கள், அரசிதழ்ல வந்தது, கோர்ட் தீர்ப்பு இதையெல்லாம் பொதுவா எடுத்துப் போடலாம், 52-வது பிரிவுலயே இருக்கு. ஆனா ஒரு சட்டப் பத்திரிகை அந்தத் தீர்ப்புக்கு எழுதுன தலைக்குறிப்ப, அதாவது தீர்ப்போட சாரத்த சுருக்கி மேல போடுறத, எடுக்கக் கூடாது. தீர்ப்பு எல்லாருக்கும் பொது, ஆனா அதுல எடிட்டர் தன் அறிவப் போட்டு சேர்த்தது அவரோடதுன்னு 2007-ல ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு.

அடுத்தவங்க கட்டுரையில இருந்து எத்தன வரி மேற்கோள் காட்டலாம்?

வரிக் கணக்கு கிடையாது, மேல சதவீதக் கணக்கு இல்லன்னு சொன்ன மாதிரியேதான். சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்திய சொல்றது, இதுக்கெல்லாம் நியாயமான அளவு எடுக்கலாம்னு 52-வது பிரிவு சொல்லுது. நியாயம்னா என்னன்னு நான் பார்க்குற விதம் இது: நீங்க பேச வந்தது உங்க கருத்து, அதுக்கு ஆதாரமா அவரோட மூணு வரி தேவைப்படுதுன்னா சரி. அந்த மேற்கோள்கள எடுத்துட்டா உங்க கட்டுரையில ஒண்ணுமே மிஞ்சாதுன்னா அது விமர்சனம் இல்ல, மறுபிரசுரம். அப்புறம், உங்கள படிச்ச பிறகு அவரோடத படிக்கத் தேவையே இல்லன்னு ஆகுதான்னும் பாருங்க.

பத்து கட்டுரை படிச்சு ஒரு கட்டுரை எழுதுறேன். அதுவும் திருட்டா?

பத்தையும் படிச்சு உள்வாங்கி எழுதுனா இல்ல. ஒவ்வொண்ணுலயும் ஒரு பத்திய வெட்டி வரிசையா ஒட்டி வார்த்தைய மாத்துனா, ஒருத்தர் கிட்ட எடுத்தத பத்து பேர் கிட்ட எடுத்திருக்கீங்க, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு நல்ல பழக்கம் சொல்றேன்: படிக்கும்போது வாக்கியமா குறிப்பு எடுக்காதீங்க, வருஷம், பேர், எண், காரணம்னு துண்டு துண்டா எடுங்க, பக்கத்துல எங்க படிச்சதுன்னும் எழுதுங்க. எழுதும்போது அந்தக் குறிப்பு மட்டும் எதிர்ல இருக்கட்டும். மூலத்தப் பார்க்காம ஒரு பத்தி எழுத வரலன்னா உங்களுக்கு அது இன்னும் புரியலன்னு அர்த்தம், திரும்பப் படிங்க.

ஏஐ கிட்ட குடுத்து மாத்தி எழுதச் சொன்னா அது புது கட்டுரைதானே?

எந்தக் கருவியால மாத்துனீங்கங்குறது கேள்வியே இல்ல, வெளிய வந்தது என்னங்குறதுதான் கேள்வி. கருப்பட்டி உதாரணத்துல ரீரைட் பண்ண வேலைய ஏஐ பத்து செகண்ட்ல பண்ணிடும், அங்க சொன்ன அத்தன தப்பும் அப்படியே இருக்கும், வெளியிட்டது நீங்க, பொறுப்பும் உங்களோடது. ஏஎன்ஐங்குற செய்தி நிறுவனம் 2024 நவம்பர்ல டெல்லி ஹைகோர்ட்ல, சாட்ஜிபிடிய உருவாக்குன ஓபன்ஏஐ மேல கேஸ் போட்டிருக்கே அதனால எல்லாம் குழப்பமா இருக்குன்னு சிலர் சொல்றாங்க, அது கம்பெனிங்க தங்களோட ஏஐ மாடல பழக்குறதுக்கு செய்திகள எடுக்கலாமாங்குற சண்டை, ஒரு கட்டுரைய ஒட்டி மாத்தி வாங்கி நீங்க போடுறதுக்கு அதுல அனுமதி தேடாதீங்க.

விஷயம் தெரியாத கையில மாறும்போது தகவலும் சேர்ந்து மாறிடுது, இத யாரும் பெருசா பேசுறதில்ல. ஆமணக்கு விதை முதல் ரீரைட்ல விளக்கெண்ணெய் ஆகும், அத பார்த்து எழுதுற அடுத்தவர் வெறும் எண்ணெய்னு போடுவார், அதுக்கு அடுத்தவர் நல்லெண்ணெய்னு போட்டு முடிச்சுடுவார். கருப்பட்டியோட போச்சு, ஆனா மருந்து அளவு, விவசாயத்துக்கு பூச்சிக்கொல்லி அளவு, அரசு திட்டத்துக்கு விண்ணப்பிக்கிற கடைசி தேதி எல்லாம் இப்படி மாறுனா யாரோ ஒருத்தர் நிஜமாவே நஷ்டப்படுவார்.

காப்பி அடிச்சதக் கண்டுபிடிக்கிற செக்கர்ல போட்டா 0 சதவீதம்னு வருது. அப்புறம் என்ன பயம்?

அந்த டூல் பெரும்பாலும் ஒரே மாதிரி வார்த்தை வரிசை இருக்கான்னுதான் தேடும், தமிழ்ல விகுதி மாறுனாலே பல நேரம் கோட்ட விட்டுடும். மேல ரெண்டு கருப்பட்டி பத்தியயும் ஒப்பிட்டா பொருத்தம் ரொம்பக் குறைவாத்தான் காட்டும், ஆனா படிச்ச யாருக்கும் ரெண்டும் ஒண்ணுன்னு தெரியும். ஜட்ஜும் படிச்சுத்தான் பார்ப்பார். கூகுளும் 2024 மார்ச்ல இருந்து, படிக்கிறவங்களுக்கு புதுசா ஒண்ணும் தராம மொத்தம் மொத்தமா தயாரிச்சுக் கொட்டுற பக்கங்கள, மனுஷன் எழுதுனாலும் மெஷின் எழுதுனாலும், ஸ்பாம்னு எடுத்துக்குறதா விதி வச்சிருக்கு.

நான் எழுதிக் குடுக்குற ஆள்தான். கிளையன்ட் லிங்க் அனுப்பி இத ரீரைட் பண்ணிக் குடுன்னா நான் என்ன செய்ய?

இத கேக்குறவங்க மேல எனக்கு அக்கறை அதிகம், ஏன்னா வார்த்தைக்கு இவ்வளவு பைசான்னு வாங்குற இடத்துல மறுத்துப் பேசுறது கஷ்டம். ஆனா சட்டம் தெரிஞ்சே மீறுனவரையும், மீறத் துணை போனவரையும் சேர்த்துத்தான் 63-வது பிரிவுல சொல்லுது: ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000-ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லன்னா கோர்ட் காரணம் சொல்லி குறைக்கலாம், ஆனா இது காசுக்கு செய்ற வேலையாச்சே. போலீஸ் நேரடியா கேஸ் எடுக்கக்கூடிய, கோர்ட் அனுமதிச்சாத்தான் ஜாமீன் கிடைக்கக்கூடிய குற்றம்னு 2022-ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. உங்க ஒப்பந்தத்துல "ஏதாவது பிரச்சனை வந்தா எழுதுனவரே முழுப் பொறுப்பு"ன்னு ஒரு வரி இருக்கான்னு முதல்ல தேடுங்க, பல பேர் படிக்காம கையெழுத்துப் போட்டிருப்பீங்க.

இப்படி சொல்லிப் பாருங்க: "சார், இந்த லிங்க்க விஷயத்துக்கு எடுத்துக்குறேன், இன்னும் ரெண்டு மூணு இடத்துல பார்த்து புதுசா எழுதிக் குடுக்குறேன், ஒரு நாள் கூட ஆகும்." நல்ல கிளையன்ட் ஒத்துப்பார். ஒத்துக்கலன்னா, அந்த லிங்க்கயும் அத ரீரைட் பண்ணச் சொல்றதையும் மெயில்லயே எழுதி அனுப்பச் சொல்லுங்க, ஆதாரமா இருக்கும்.

கட்டுரைய வாசிச்சு வீடியோவா போட்டா? வடிவமே வேறயாச்சே.

வடிவத்த மாத்துற உரிமையும் எழுதுனவர் கிட்டதான் இருக்கு, 14-வது பிரிவு பத்தி சொன்னது இங்கயும் பொருந்தும். தமிழ்ல வரலாறு, கோயில் பத்தி தனியா அலைஞ்சு எழுதுறவங்க பக்கத்துல சில ஆயிரம் பேர் படிச்சிருப்பாங்க, அத அப்படியே வாசிச்ச வீடியோவுக்கு பல லட்சம் பார்வை வந்திருக்கும், விவரிப்புல கூட அவங்க பேர் இருக்காது. வீடியோ பண்றவங்க எழுதுனவங்கள கூப்பிட்டு பேச வைக்கலாமே, ரெண்டு பேருக்கும் நல்லது.

இலங்கையில இருந்து எழுதுறேன், எனக்கும் இதே சட்டமா?

உங்களுக்கு 2003-ம் ஆண்டின் 36-ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். அடிப்படை இதேதான், காலம் மட்டும் கூட, எழுதுனவர் இறந்த பிறகு 70 வருஷம். நாட்டுடைமைங்குறது தமிழ்நாடு அரசோட ஏற்பாடு, அதனால அந்தப் பட்டியல நம்பி அங்க பதிப்பிக்குறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்குங்க.

என் கட்டுரைய ஒருத்தர் ரீரைட் பண்ணிப் போட்டுட்டார். நான் என்ன பண்ணலாம்?

கோவத்துல உடனே கமெண்ட்ல போய் கத்தாதீங்க, அவர் அழிச்சுடுவார், உங்க கிட்ட ஆதாரம் இருக்காது. முதல்ல ரெண்டு பக்கத்தையும் முழுசா ஸ்கிரீன்ஷாட் எடுங்க, முகவரியும் தேதியும் தெரியுற மாதிரி. இணைய ஆவணக் காப்பகத்தோட வேபேக் மெஷின்ல ரெண்டையும் சேமிச்சு வைங்க. அப்புறம் ஒரு தாள ரெண்டா பிரிச்சு இடது பக்கம் உங்க பத்தி, வலது பக்கம் அவரோடது, ஒரே வரிசை, ஒரே உதாரணம், ஒரே தப்பு எல்லாத்தையும் எதிர் எதிரா எழுதுங்க. இந்தத் தாள்தான் எல்லா இடத்துலயும் பேசும்.

அடுத்தது அவருக்கே ஒரு மெயில், மரியாதையா, என்ன வேணும்னு தெளிவா, எடுக்கணுமா இல்ல பேரும் லிங்க்கும் போதுமா. நிறைய இதுலயே முடிஞ்சுடும். முடியலன்னா அது இருக்குற தளத்துக்குப் புகார் குடுங்க. யூட்யூப், ஃபேஸ்புக், கூகுள் தேடல் எல்லாத்துலயும் இதுக்குன்னு படிவம் இருக்கு. இந்திய விதிப்படி எழுத்துல புகார் போனா அத சேமிச்சு வச்சிருக்குற தளம் (சட்டத்துல இடைத்தரகு நிறுவனம்) 36 மணி நேரத்துக்குள்ள அத முடக்கணும், ஆனா 21 நாளுக்குள்ள நீங்க கோர்ட் உத்தரவு கொண்டு வரலன்னா திரும்பத் திறந்து விடலாம், அதனால புகார் குடுத்துட்டு தூங்கிடாதீங்க.

கோர்ட்டுன்னு போனா ஒரு வசதி இருக்கு, மீறுனவர் டெல்லில இருந்தாலும் நீங்க வசிக்கிற ஊர் மாவட்ட கோர்ட்லயே வழக்கு போடலாம்னு 62-வது பிரிவு சொல்லுது. மதுரைக்காரர் மதுரையிலயே போடலாம். தடை உத்தரவு, நஷ்டஈடு, அவர் சம்பாதிச்ச லாபக் கணக்கு மூணும் கேக்கலாம்.

ஒருத்தர் என்ன மிரட்டுறார், நான் அவரோடத எடுக்கவே இல்ல. தகவல் மட்டும்தான் ஒண்ணா இருக்கு.

உங்க குறிப்புகள், பேசுன ஆட்கள், டிராஃப்ட்டுகள எடுத்து வைங்க, சொந்தமா எழுதுனவங்க கிட்ட இதெல்லாம் தானா இருக்கும். பதில் மெயில்ல எந்தெந்த இடத்துல இருந்து தகவல் எடுத்தீங்கன்னு சொல்லுங்க. ஆதாரம் இல்லாம தொடர்ந்து கேஸ் போடுவேன்னு மிரட்டுனா 60-வது பிரிவுல நீங்களே கோர்ட்டுக்குப் போய் அது மீறல் இல்லன்னு அறிவிக்கவும் மிரட்டல நிறுத்தவும் கேக்கலாம். இது ரொம்ப பேருக்குத் தெரியாது, பெரிய நிறுவனம் நோட்டீஸ் அனுப்புனதுமே பயந்து நல்ல கட்டுரைய எடுத்துடுறாங்க.

நானே எழுதி ஒரு பத்திரிகையில வந்த கட்டுரைய கொஞ்சம் மாத்தி என் சைட்ல போடலாமா?

நீங்க அங்க சம்பளத்துக்கு வேலை பார்த்தீங்களா, வெளியில இருந்து எழுதுனீங்களாங்குறதப் பொறுத்தது. சம்பளத்துக்குன்னா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, பத்திரிகையில வெளியிடுற அளவுக்கு உரிமை முதலாளிக்கு, மத்த உரிமைங்க எழுதுனவருக்குன்னு 17-வது பிரிவுல இருக்கு, ஆனா ஒப்பந்தம் அனேகமா இருக்கும், எடுத்துப் படிங்க. வெளியில இருந்து எழுதுனவங்கன்னா எழுத்துல கையெழுத்துப் போட்டு உரிமைய மாத்திக் குடுத்தாத்தான் அது அவங்களுக்குப் போகும், வாய் வார்த்தை போதாது. எழுதிக் குடுத்ததுல எத்தன வருஷம்னு சொல்லலன்னா அஞ்சு வருஷம்தான், எந்த இடத்துக்குன்னு சொல்லலன்னா இந்தியாவுக்கு மட்டும்தான்னு 19-வது பிரிவு சொல்லுது. பழைய மெயில எல்லாம் தேடி எடுத்துப் பாருங்க, உங்க எழுத்து நிறைய இப்ப உங்க கிட்டயே திரும்பி வந்திருக்கும்.